தலையில்லாத திருகாணி

மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற புல்லி, தண்ணீர் மோட்டாரின் கப்ளிங், தையல் மெஷின் மோட்டார் முனையில் இருக்கும் குட்டிச் சக்கரம், டேபிள் ஃபேனின் இறக்கை. எல்லாமே சுழலும் தண்டு ஒன்றின் மேல் மாட்டப்பட்டவை. தண்டு என்று எழுதிவிட்டேன், பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஷாஃப்ட் தான். நானும் இனி ஷாஃப்ட் என்றே எழுதுகிறேன்.

ஷாஃப்ட்டும் புல்லியும் தனித்தனி சாமான்கள். ஷாஃப்ட் சுற்றும்போது புல்லி ஏன் கூடவே சுற்ற வேண்டும்? சும்மா மாட்டி வைத்தால் ஷாஃப்ட் பாட்டுக்கு உள்ளே சுற்றும், புல்லி பாட்டுக்கு நிற்கும். நடுவில் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். சின்ன மெஷின்களில் அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பது, பெரும்பாலும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு திருகாணி. கிரப் ஸ்க்ரூ என்பார்கள், செட் ஸ்க்ரூ என்றும் சொல்வதுண்டு. உடம்பு முழுக்க மரை. தலை கிடையாது. ஒரு முனையில் அறுகோணக் குழி, மறுமுனையில் கூரோ குழிவோ. புல்லியின் கழுத்தில் மரை போட்ட ஓட்டைக்குள் முழுசாக இறங்கி உட்கார்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஓட்டைதான் தெரியும், ஆள் இருப்பதே தெரியாது.

இந்தத் தலை எங்கே போனது என்பதில் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதற்கு முன்னால், இது எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சாதாரண போல்ட் இழுத்துப் பிடிக்கும். நட்டை முறுக்க முறுக்க போல்ட் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு, அந்த இழுவிசையால் இரண்டு தகடுகளைச் சேர்த்து வைக்கிறது. கிரப் ஸ்க்ரூ இதற்கு நேர்தலைகீழ். அது தள்ளிப் பிடிக்கும். முனை ஷாஃப்ட்டை ஒரு பக்கம் அழுத்துகிறது, அதனால் புல்லியின் துளைச் சுவர் எதிர்ப்பக்கத்தில் ஷாஃப்ட்டோடு இறுகுகிறது. ஆக உராய்வு இரண்டு இடத்தில்: முனையிலும், அதற்கு நேர் எதிரிலும். இதோடு முனை ஷாஃப்ட்டில் ஒரு சின்னத் தழும்பு போட்டு அதில் கொஞ்சம் புதைந்தும் நிற்கிறது. பரவலாகக் கிடைக்கும் கிண்ண முனை கிரப்பைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் குழிந்து, ஓரம் கத்தி மாதிரி வட்டமாக இருக்கும். தழும்பு போடுவது அந்த வட்டம்தான்.

தழும்பு போட வேண்டுமென்றால் ஆணி ஷாஃப்ட்டைவிடக் கடினமாக இருந்தாக வேண்டும். நல்ல கிரப் ஸ்க்ரூவின் தரக்குறி 45எச். விக்கர்ஸ் அளவில் குறைந்தது 450 கடினம் என்று அர்த்தம். சாதாரண மைல்ட் ஸ்டீல் ஷாஃப்ட் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதனால்தான் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ஸ்க்ரூவை அளவாக வெட்டிப் போட்டால் வேலைக்கு ஆவதில்லை. ஷாஃப்ட்டில் புதைவதற்குப் பதில் அதன் மூக்குதான் நசுங்கும்.

எவ்வளவு பிடிக்கும்? பொறியியல் மாணவர்கள் படிக்கிற ஷிக்லியின் மெஷின் டிசைன் புத்தகத்தில் ஒரு அட்டவணை உண்டு. கால் அங்குல கிரப்பைச் சரியான அளவு முறுக்கினால் சுமார் 1000 பவுண்டு, அதாவது 450 கிலோ எடை அளவுக்கு, வழுக்காமல் பிடிக்கும் என்கிறது. இதை 20 மி.மீ. ஷாஃப்ட்டில் போடுவோம். ஆரம் 1 செ.மீ., எனவே தாங்கும் முறுக்கு சுமார் 44 நியூட்டன் மீட்டர். 1440 சுற்று ஓடும் 1 எச்.பி. மோட்டார் தருவது வெறும் 5 நியூட்டன் மீட்டர். அடேயப்பா, ஒன்பது மடங்கு கையில் இருக்கிறதே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த 1000 பவுண்டு என்பது அசையாத சுமைக்கு. ஸ்டார்ட் ஆகும்போது உதறல், பெல்ட் இழுப்பு, ஆட்டம் எல்லாம் உள்ள இடத்தில் அதை 4 முதல் 8 வரையிலான எண்ணால் வகுத்துக்கொள்ளச் சொல்கிறது அதே புத்தகம். 8ஆல் வகுத்தால் மிஞ்சுவது ஐந்தரை. அதாவது 1 எச்.பி.க்கே கணக்கு விளிம்பில் வந்து நிற்கிறது. 5 எச்.பி. மோட்டார் 25 கேட்கும், அங்கே கிரப்பை மட்டும் நம்புவது சூதாட்டம்.

அதற்குத்தான் கீ. ஷாஃப்ட்டிலும் புல்லியிலும் காடி வெட்டி நடுவில் ஒரு சதுரக் கட்டையைச் செருகுவது. முறுக்கு முழுவதையும் கீ வாங்கிக்கொள்ளும். அப்போது கிரப்புக்கு வேலை, புல்லி ஷாஃப்ட் மேல் பக்கவாட்டில் நகர்ந்து போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. ஓட்டையை கீ மேலேயே வரும்படி போட்டுவிட்டால் ஷாஃப்ட்டில் தழும்பும் விழாது.

ஒன்று போதாவிட்டால் இரண்டு கிரப் போடலாம். எங்கே போடுவது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் 'எதிரெதிரே' என்பார்கள். பார்ப்பதற்குச் சமச்சீராக இருக்கும், உண்மையில் அதுதான் மோசமான இடம். எதிரெதிரே இருந்தால் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். ஷாஃப்ட் துளைச் சுவரில் சாயவே சாயாது. சுவர் தந்துகொண்டிருந்த உராய்வு மொத்தமாகப் போச்சு. 90 டிகிரியிலோ 120 டிகிரியிலோ போட்டால் இரண்டும் சேர்ந்து ஷாஃப்ட்டை ஒரே பக்கமாக ஒதுக்கி இறுக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு யூசிபி 205 பேரிங் பிளாக்கை எடுத்துப் பாருங்கள். அரவை மெஷின், கன்வேயர் என்று எங்கும் கிடக்கும் சாமான்தான். உள்வளையத்தின் நீண்ட கழுத்தில் இரண்டு கிரப் இருக்கும், எதிரெதிரே இருக்காது.

இப்போது அந்தத் தலைக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டு ஆலைகளில் மெஷினுக்கு ஒரு மோட்டார் என்ற ஏற்பாடு கிடையாது. ஒரு பெரிய நீராவி எஞ்சின் அல்லது நீர்ச்சக்கரம். அதிலிருந்து கூரையை ஒட்டி ஆலையின் நீளத்துக்கும் ஓடும் ஷாஃப்ட். அதில் வரிசையாகப் புல்லிகள், காலர்கள், ஒவ்வொன்றிலிருந்தும் கீழே இறங்கும் தோல் பெல்ட். புல்லியையும் காலரையும் பிடித்து வைத்தது அன்றைய செட் ஸ்க்ரூ. அதற்குத் தலை இருந்தது, ஸ்பேனர் போடுவதற்கு வாகான சதுரத் தலை. ஷாஃப்ட்டின் வட்டத்திலிருந்து விரற்கடை அளவு துருத்திக்கொண்டு நிற்கும்.

நின்றிருக்கும்போது அது வெறும் துருத்தல். சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது. மழமழவென்ற ஷாஃப்ட் சுற்றும்போது அசையாமல் நிற்பது போலத்தான் இருக்கும். அதில் ஆணித்தலை இருக்கும் இடம் மங்கலான ஒரு பட்டையாகத் தெரிந்தால் பெரிது. எண்ணெய் விடப் போனவர், பெல்ட்டைத் தள்ளிப் போடப் போனவர், அவருடைய சட்டைக் கையின் ஓரம் அந்தத் தலையில் மாட்டினால் கதை முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 75 மி.மீ. ஷாஃப்ட், நிமிடத்துக்கு 300 சுற்று. ஒரு சுற்றுக்கு 23 செ.மீ. துணி சுற்றிக்கொள்ளும், நொடிக்கு ஐந்து சுற்று. ஒரே நொடியில் ஒரு மீட்டருக்கு மேல். 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் சட்டை மட்டுமல்ல, கையும் உள்ளே போயிருக்கும். மழமழப்பான ஷாஃப்ட்டிலும் துணி சுற்றும்தான். ஆனால் வழுக்கிக்கொண்டு போக ஒரு வாய்ப்பாவது உண்டு. ஆணித்தலை கொக்கி போல, விடாது.

தீர்வு யோசித்தால் எளிது: தலையை எடுத்துவிட்டு ஆணியை உள்ளே இறக்கு. ஆனால் தலை இல்லாத ஆணியை எப்படி முறுக்குவது? மேலே ஒரு வெட்டுப் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கலாம். அப்படியும் செய்தார்கள், ஆனால் முறுக்கு போதாது, வெட்டும் உடைந்துபோகும். உள்ளே சதுரக் குழியோ அறுகோணக் குழியோ போட்டு ஒரு சாவியால் முறுக்கலாம் என்ற எண்ணம் முன்பே இருந்தது. குழியை மலிவாகப் போடுவதுதான் பிரச்சினை. ஆணி கடினமான எஃகு, குழியோ மூடிய குழி.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த வில்லியம் ஆலன் 1910இல் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். உலோகத்தைக் குடைந்து எடுக்காமல், அறுகோண அச்சைச் சுற்றி அதை அழுத்தி உருவாக்கும் முறை. அவருடைய கம்பெனி இதை விற்ற பெயர் 'சேஃப்டி செட் ஸ்க்ரூ'. ஆம், நம் வீட்டு டூல் டப்பாவில் கிடக்கும், எல் வடிவக் கம்பியை ஆலன் கீ என்கிறோமே, அதே ஆலன். இன்று ஃபர்னிச்சர் பூட்டப் பயன்படும் அந்தச் சாவி, ஆலைத் தொழிலாளியின் கையைக் காப்பாற்றும் சாமானாகத்தான் சந்தைக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பிலடெல்ஃபியா பக்கம் ஹாலோவெல் என்பவரின் கம்பெனியும் இதே வேலையில் இறங்கியது. அவர்கள் வைத்த பிராண்ட் பெயர் அன்பிராகோ. நம்மூர் ஹார்ட்வேர் கடைகளில் 'அன்பிராகோ போல்ட்' என்றால் ஆலன் போல்ட் என்று எடுத்துத் தருகிறார்களே, அந்தப் பெயர் அங்கேயிருந்து வந்தது.

சட்டமும் கூடவே வந்தது. பிரிட்டனின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சுழலும் ஷாஃப்ட்டிலும் சக்கரத்திலும் உள்ள ஒவ்வொரு செட் ஸ்க்ரூவும் போல்ட்டும் கீயும் உள்ளே இறங்கியோ மூடப்பட்டோ இருக்க வேண்டும் என்றது. கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 26ஆம் பிரிவு எழுதப்பட்டது. எனக்குப் பிடித்தது அதன் இரண்டாவது உட்பிரிவு. அப்படி இல்லாத மெஷினைத் தொழிற்சாலைக்கு விற்றவருக்கோ வாடகைக்கு விட்டவருக்கோ மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது அது. 'வாங்குறவன் பார்த்துக்கட்டும்' என்று விற்றவர் நழுவ முடியாதபடி இருந்தது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஒரு திருகாணியைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் எத்தனை கைகள் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தச் சட்டம் பேசியது தொழிற்சாலைகளைப் பற்றி. அதன் கணக்கில், கரண்டில் ஓடும் இடமென்றால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. தெருமுனை மாவு மில்லில் ஓனரையும் சேர்த்து இரண்டு பேர். களத்துமேட்டுக்கு வரும் கதிரடிக்கும் மெஷினில் நாலைந்து பேர். அங்கெல்லாம் நடப்பது என்ன? கிரப் கழன்று எங்கோ விழுந்துவிடும். புல்லி வழுக்கும், அரவை நிற்கும், வரிசையில் ஆள் காத்திருக்கும். அந்த அளவில் கிரப் கையில் இருக்காது, ஆனால் அதே மரையில் ஒரு அறுகோண போல்ட் டப்பாவில் கிடக்கும். எடுத்து முறுக்கினால் மெஷின் ஓடும். ஓடும்தான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த தலையைத் திரும்ப வைத்தாயிற்று. அரவை மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர் உடம்பில் தோள் துண்டோ முந்தானையோ துப்பட்டாவோ தொங்கிக்கொண்டிருக்கிறது. 1948 சட்டம் ஓடும் ஷாஃப்ட் பக்கம் போகிறவருக்கு உடலோடு ஒட்டிய உடையை முதலாளியே தர வேண்டும் என்று தனியாக ஒரு பிரிவில் சொன்னது. மாவு மில்லில் அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?

அதனால் இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நின்றால் போதும் என்றால், இது நிற்கட்டும். சுற்றுகிற புல்லியில் எந்த ஆணியின் தலையும் வெளியே நீட்டக் கூடாது. நீளமான கிரப் போட்டு அது பாதி வெளியே நின்றாலும் அதே கதைதான். நாலு அளவில் கிரப் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைக்க ஒரு டீ செலவு ஆகுமா? வாங்கும்போது ஒரு சுலபக் கணக்கு: மில்லிமீட்டர் கிரப்பில் சாவியின் அளவு ஆணியின் அளவில் பாதி. எம்6 என்றால் 3 மி.மீ. சாவி, எம்8க்கு 4, எம்10க்கு 5. பழைய மெஷினில் கால் அங்குல கிரப் இருந்தால் அதன் குழி 3.17 மி.மீ. 3 மி.மீ. சாவி லொடலொடவென்று உள்ளே போகும், ஓங்கி முறுக்கினால் குழியின் மூலைகள் வட்டமாகிவிடும். 'ஆலன் ஸ்லிப் ஆகுது' என்று வருகிற பாதிப் புகார் இந்தக் கலப்புத் திருமணத்தால்.

சரி, கிரப் ஏன் தானாகக் கழல்கிறது? 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியர் ஒரு சோதனை இயந்திரம் வைத்துக் காட்டினார்: மரையைக் கழற்றுவதில் கில்லாடி மேல்கீழ் அதிர்வு அல்ல, பக்கவாட்டு உதறல். மரையின் பற்கள் குறுக்கே கொஞ்சம் வழுக்கிவிட்டால், அந்தக் கணத்தில் சுற்றுத் திசையில் உராய்வு கிட்டத்தட்ட இல்லை என்றே ஆகிவிடும். உள்ளே தேங்கியிருக்கும் அழுத்தமே ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடும். புல்லியில் பெல்ட் இழுப்பது எப்போதும் பக்கவாட்டில்தானே. பழைய வைத்தியம், ஒரு கிரப்பின் மேல் இன்னொரு கிரப்பைப் போட்டுப் பூட்டுவது. ஓட்டை ஆழமாக இருந்தால் இன்றைக்கும் அருமையான வழி. புதிய வைத்தியம், மரையில் இரண்டு சொட்டு லாக்டைட். நீல நிறத்தில் வரும் நடுத்தர ரகம் போதும், சிவப்பு ரகம் போட்டால் பிறகு சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும். காற்று படும்வரை திரவமாகவும், மரைக்குள் காற்றில்லாமல் இரும்போடு சேர்ந்தால் கெட்டியாகவும் ஆகிற இந்தப் பசையை 1950களில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் வெர்னான் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர். அவர் பாடம் நடத்திய ட்ரினிட்டி கல்லூரி இருப்பது ஹார்ட்ஃபோர்டில். ஆணி செய்ததும் அந்த ஊர், அது கழலாமல் இருக்கப் பசை செய்ததும் அந்த ஊர்!

ஷாஃப்ட்டின் முனையிலேயே மரை வெட்டி நட் போடும் இடங்களும் உண்டு. அங்கே விளையாட்டு வேறு. டேபிள் ஃபேன் இறக்கையைத் துடைக்கக் கழற்றியவர்களுக்குத் தெரியும், முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். அது இடது மரை. காரணம் சுலபம். முன்னால் நின்று பார்த்தால் ஃபேன் கடிகாரத் திசையில் சுற்றுகிறது. ஸ்விட்ச் போட்டதும் ஷாஃப்ட் விருட்டென்று கிளம்பும், மூடியும் இறக்கையும் கொஞ்சம் பின்தங்கும். ஷாஃப்ட்டைப் பொறுத்தவரை மூடி எதிர்த்திசையில் திரும்புகிறது. சாதாரண மரையென்றால் அந்தத் திருப்பம் கழற்றும், இடது மரையென்றால் இறுக்கும். இரண்டு பக்கமும் கல் மாட்டிய கிரைண்டிங் மெஷினில் வலப்பக்க நட் சாதாரண மரையும் இடப்பக்க நட் இடது மரையுமாக இருப்பது இதனால்தான். கற்களை மாற்றும்போது நட்டுகளைக் கலந்து போட்டுவிட முடியாது. மரையே ஏறாது.

இதே தர்க்கத்தைச் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுபோனால் உதைக்கும். பெடல் பேரிங்கின் இழுப்பைப் பார்த்தால் வலது பெடலுக்கு இடது மரை இருக்க வேண்டும். இருப்பதோ நேர்மாறாக. ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாக்கி, அதற்குள் ஒரு பேனாவை விட்டு, சுவரை ஒட்டி அழுத்தியபடி கடிகாரத் திசையில் சுற்றிக் கொண்டு வாருங்கள். பேனா தன்னளவில் எதிர்த்திசையில் உருளும். மிதிக்கும் எடை எப்போதும் கீழ்நோக்கி, கிராங்க் மட்டும் சுற்றுகிறது. பெடலின் மரை ஓட்டைக்குள் இப்படித்தான் மயிரிழை அளவு உருள்கிறது. பேரிங் உராய்வைவிட இந்த உருளல் வலுவானது, அதனால் மரையின் திசையை இதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பெரிய பேரிங்குகளைப் பிடிக்கும் லாக் நட் இந்தத் திசைக் கணக்கையே நம்புவதில்லை. நட்டுக்கு அடியில் பல் வைத்த வாஷர் ஒன்று. உள்நாக்கு ஷாஃப்ட்டின் காடியில், வெளிப்பல் ஒன்றை மடக்கி நட்டின் காடியில். 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கான நட்டில் காடிகள் 4, வாஷரில் பற்கள் 13. ஒற்றைப்படை எண் தற்செயல் அல்ல. நட் எங்கே இறுகி நின்றாலும் ஏழு டிகிரிக்குள் ஏதாவது ஒரு பல் ஏதாவது ஒரு காடிக்கு நேராக வந்துவிடும்.

கழற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. கிரப்பை எடுத்த பிறகும் புல்லி வரவில்லை என்றால், முனை போட்ட தழும்பின் ஓரம் பிசிறாக எழும்பி துளையில் மாட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட்டும் பேரிங்கும்தான் போகும். எண்ணெய் விட்டு, புல்லர் போட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும் முன் அந்த இடத்தில் அரத்தால் ஒரு தட்டை தேய்த்துவிடுங்கள். கிரப் தட்டையில் உட்காரும், பிசிறு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இருக்கும், அடுத்த தடவை புல்லி கையோடு வரும்.